லீவெல்லாம் உடம்புக்கே போய்விட்டால்

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஓர் ஊழியருக்கு வருடத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு. ஒரு வருடம் முடித்தவருக்கு இன்னும் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. காகிதத்தில் 36 நாள். சரவாங்கி என்ற மூட்டுவாத நோய் வந்து ஏழெட்டு வருடமாக மருந்தில் இருக்கும் ஒரு ஜவுளிக்கடை ஊழியரின் கணக்கில், மனசுக்கென்று ஒரு நாள்கூட மிஞ்சாமல் இது எப்படிக் கரைகிறது என்று பாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூட்டுவாத மருத்துவர், அது 6 நாள். சரவாங்கிக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ரத்த அணுக்களும் கல்லீரலும் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் கையில் இல்லாமல் டாக்டரைப் பார்த்துப் பயனில்லை என்பதால் அது வேறு நாள், ஆக இன்னும் 4. கண் பரிசோதனை 1. மூட்டு வீங்கிக் கட்டிலை விட்டு இறங்க முடியாத நாட்கள் வருடத்தில் ஒரு 10 என்று வைத்துக்கொள்வோம். 21 ஆயிற்று. தீபாவளி, பொங்கல், ஊரில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று மிச்சமும் போய்விடும். மனசு விட்டுப்போகிற அன்றைக்குக் கையிருப்பு பூஜ்ஜியம். அதன் பிறகு எடுப்பதெல்லாம் சம்பளப் பிடித்தம்.

பொதுவாகச் சொல்லப்படும் ‘மனசு சரியில்லையா, ரெண்டு நாள் லீவு போட்டு எங்காவது போய்ட்டு வா’ என்ற யோசனை நாள்பட்ட நோயாளிக்குப் பொருந்தாதது இதனால்தான். அவருக்கு ரெண்டு நாள் என்பது அடுத்த ரத்தப் பரிசோதனையும் அடுத்த வீக்கமும். மனசுக்கான லீவை உடம்புக்கான லீவிலிருந்து பிரித்து, மனநல மருத்துவரிடம், தனிச் சான்றோடு, கணக்கு தீர்ந்துபோவதற்கு முன்பே எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அதை உடம்பு மறுபடியும் தின்றுவிடாமல் காவல் காக்க வேண்டும். இரண்டாவது, முதலாவதைவிடக் கஷ்டம்.

முதலில் ரத்தம்

லீவு கேட்பதற்கு முன்னால், சோர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் அப்படியே மனச்சோர்வு போலத்தான் இருக்கும்: தூக்கம், மந்தம், எதிலும் பிடிப்பில்லாமை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம், அதுவும் மனநிலையைத் தொடும். ஹீமோகுளோபின் குறைவு தனி. ஆகவே தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., பி12, ஹீமோகுளோபின், மூன்று மாத சர்க்கரை அளவான எச்.பி.ஏ1சி ஆகிய நான்கையும் ஒரே ஊசிக்குத்தில் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது மருந்துச் சீட்டு. ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலையும் படபடப்பையும் தரும், சிலரை அழவைக்கும். அதைக் காலை சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்வதற்கு வயிறு மட்டும் காரணமில்லை, தூக்கமும் காரணம். ‘இதுதான் காரணம் போலிருக்கு’ என்று தானாக நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்தினால் உடம்பு தன் பங்கு கார்டிசால் ஹார்மோனைச் சுரக்க முடியாமல் ரத்த அழுத்தம் விழுந்துபோகும். அளவைக் குறைப்பது டாக்டர் வேலை.

மனநல மருத்துவர் முன் பெரும்பாலும் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் வரும். பி.எச்.க்யூ-9 என்பார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும்; மொத்த மதிப்பெண் 27, பத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ கவனிக்க வேண்டிய நிலை. இதில் நாள்பட்ட நோயாளிகளுக்கு ஒரு சிக்கல். அசதி, தூக்கம், பசி, மந்தமான அசைவு என்று அதில் பாதிக் கேள்விகளுக்கு மூட்டு நோயோ சிறுநீரக நோயோ ஏற்கெனவே ‘ஆமாம்’ என்று பதில் வைத்திருக்கும். மருத்துவரிடம் அதைப் பிரித்துச் சொல்லுங்கள்: ‘அசதி மூணு வருஷமா இருக்கு டாக்டர், ஆனா எதிலயும் இஷ்டமில்லாம போனது இந்த ரெண்டு மாசமாத்தான்.’ எதிலும் விருப்பமில்லாமை, நம்பிக்கையற்றுப்போதல், தன்னைப் பாரம் என்று நினைத்தல் ஆகிய மூன்றும் மூட்டிலிருந்து வருவதில்லை. ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ‘சில நாள்’ என்ற பதில் இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரவில் அந்த எண்ணம் முற்றினால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நாள்பட்ட நோயாளி வீட்டில் மாத்திரைகள் மொத்தமாகக் கிடக்கும். இப்படிப்பட்ட வாரங்களில் ஒரு வார மருந்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைப்பது நல்ல வழக்கம்.

சான்றில் எதை எழுதுவது

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ‘மனசுன்னு எழுதினா பேர் கெட்டுடும், வைரல் ஃபீவர்னு எழுதிக் குடுங்க’ என்று தெரிந்த டாக்டரிடம் கேட்பார்கள். அது பொய் என்பது ஒருபுறம், வேலைக்கும் ஆகாது. காய்ச்சலுக்கு ஐந்து நாள், மிஞ்சினால் பத்து. உங்களுக்குத் தேவை மூன்று வாரமோ ஆறு வாரமோ. பத்தாம் நாள் நீட்டிக்கும்போது இன்னொரு டாக்டர், இன்னொரு நோய் என்று சான்று வரும். மூன்றாவது சான்றில் நிர்வாகத்துக்குச் சந்தேகம் வந்துவிடும். திரும்பும்போது கேட்கும் ஃபிட்னஸ் சான்றை யாரிடம் வாங்குவது என்ற குழப்பம் வேறு.

இன்னொரு வழி, எல்லாவற்றையும் பழைய நோயின் தலையில் போடுவது. ‘சரவாங்கி முற்றியதால் ஓய்வு.’ நிர்வாகத்துக்குப் பழகிய பெயர், கேள்வி குறைவு. இதில் இருக்கும் ஆபத்து: மூட்டு வீக்கத்துக்கு எடுத்த லீவில் நீங்கள் கோயிலுக்கோ கடற்கரைக்கோ நடந்து போவதை யாராவது பார்த்தால் கதை கந்தலாகும். மனநல மருத்துவரோ தினமும் நடக்கச் சொல்லியிருப்பார்.

சரியான வழி இரண்டையும் உள்ளபடி எழுதுவது. மனநல மருத்துவரே எழுத வேண்டும். உளவியலாளர் அல்லது கவுன்சிலரின் கடிதம் துணைக்கு உதவும், ஆனால் மருத்துவச் சான்றாகச் செல்லாது. சான்றில் இருக்க வேண்டியவை: மருத்துவரின் பெயர், பதிவு எண், முத்திரை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பணி செய்யத் தகுதியில்லை என்ற வரி, மறுபரிசோதனைத் தேதி. நோயின் பெயர் தனியார் நிறுவனத்துக்கு விவரமாகத் தேவையில்லை. ‘நாள்பட்ட உடல்நோயும் அதைச் சார்ந்த மனநலக் குறையும், தொடர் சிகிச்சையில் உள்ளார்’ என்ற அளவு போதும். மனிதவளத் துறை மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்டாலும் உங்கள் சம்மதமில்லாமல் மருத்துவர் வாய் திறக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்த ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. முன்தேதியிட்ட சான்று மட்டும் கேட்காதீர்கள். பார்த்த தேதிக்கு முந்தைய நாட்களை நல்ல மருத்துவர் எழுத மாட்டார், எழுதினாலும் அதுதான் முதலில் நிராகரிக்கப்படும்.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் (மாற்றுத்திறனாளி என்றால் 25,000) இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பார்கள். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அதுதான். மருந்து வாங்க மட்டும் அதைப் பயன்படுத்திக்கொண்டு, லீவில் பணம் தரும் பகுதியை அறியாமல் சம்பளப் பிடித்தத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம்.

சாதாரண நோய்க்காலப் பணம், தினச் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்கு ஆறு மாதம் கொண்ட ஒரு பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் பங்களிப்பு விழுந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உழைத்தது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கான தகுதி; அக்டோபர் முதல் மார்ச் வரை உழைத்தது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கானது. முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஆனால் முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி சான்று வாங்கினால் அந்த இரண்டு நாள் கழிவு இல்லை. அவசரப்பட்டு ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பி, முடியாமல் மறுபடி படுத்தவர்களுக்கு இது உதவும்.

அதிகம் பேருக்குத் தெரியாதது நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பணம். குறிப்பிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு மட்டும் 80 சதவீதம், முதலில் 124 நாள், மருத்துவக் குழு சொன்னால் 730 நாள் வரை. இரண்டு வருடத் தொடர் வேலையும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் பங்களிப்பும் வேண்டும். அந்தப் பட்டியலில் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு இருக்கிறது, புற்றுநோய் இருக்கிறது, கண்ணையோ காலையோ சிறுநீரகத்தையோ தாக்கிவிட்ட சர்க்கரை நோய் இருக்கிறது. சரவாங்கி பெயர் சொல்லி இல்லை. ஆனால் மனநோய்ப் பிரிவில் ஸ்கிசோஃப்ரினியா, இருமுனை நோய் ஆகியவற்றோடு உள்ளிருந்து எழும் தீவிர மனச்சோர்வும் இருக்கிறது. உடம்பு நோயால் கிடைக்காத நீண்ட ஓய்வுப் பணம் மனநோயின் பெயரால் கிடைக்கும் இடமும் உண்டு. சான்றில் அதை மறைத்து ‘மூட்டுவலி’ என்று மட்டும் எழுதச் சொன்னால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

நடைமுறையில் எங்கே சிக்கும்? தனியார் மனநல மருத்துவரின் சீட்டை மட்டும் நீட்டினால் பொதுவாகப் போதாது. இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ உள்ள மருத்துவர் பார்த்து எழுதும் சான்றுதான் பணத்துக்கு அடிப்படை. ஆகவே லீவின் முதல் நாளே அங்கே போய்விட வேண்டும், பழைய சீட்டுகள், ரிப்போர்ட்டுகளுடன். முதல் சான்று, நடுவில் இடைச் சான்று, வேலைக்குத் திரும்பும்போது இறுதிச் சான்று. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த நாளின் பணம் போகும். நிறுவனம் சம்பளத்தோடு லீவு கொடுக்கும் நாட்களுக்கு இ.எஸ்.ஐ. பணம் தராது, இரண்டையும் ஒன்றாக வாங்க முடியாது. கையிருப்பில் ஐந்தாறு நாள் சம்பள லீவு இருந்தால் அதைத் தொடாமல் வைத்துக்கொண்டு இ.எஸ்.ஐ.யில் ஓய்வெடுங்கள். திரும்பிய பிறகு அந்த நாட்கள் தேவைப்படும், காரணம் பின்னால் வருகிறது.

இன்னொன்று. மனசு சரியில்லை என்றால் நம் ஆட்கள் முதலில் செய்வது பையைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போவது. இ.எஸ்.ஐ. நோய்க்காலத்தில் சிகிச்சை தரும் பகுதியை விட்டு மருத்துவ அலுவலரின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. ‘பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போகணும் டாக்டர்’ என்று முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கினால் தீர்ந்தது. நோய்க்காலப் பணம் பெறும் நாட்களில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்ற பாதுகாப்பும் இதே திட்டத்தோடு வருவதுதான். வெறும் சம்பளப் பிடித்தத்தில் வீட்டில் இருப்பவருக்கு அது இல்லை.

அரசு வேலையில் உள்ளவர்கள் நிலை இதைவிடப் பலமானது. பணிக்காலத்தில் ஊனமுற்றால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்தச் சட்டத்தின் 21 வகை ஊனங்களில் மனநோயும் ஒன்று. 2021 டிசம்பரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனநோயோடு தொடர்புள்ள நடத்தைக்காக எடுத்த ஒழுங்கு நடவடிக்கையே மறைமுகப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

சூப்பர்வைசரிடம் சொல்வது

நேரில் போய் நின்று அழுதுவிட்டால் பேச்சு திசைமாறிவிடும். எழுதி அனுப்புவது மேல். வாட்ஸாப்பில் இப்படி:

‘சார், வணக்கம். மூட்டுவலிக்கு நான் ட்ரீட்மென்ட்ல இருக்கறது உங்களுக்குத் தெரியும். அதோட சேர்த்து இப்ப புதுசா மருந்து ஆரம்பிச்சிருக்காங்க. 8ஆம் தேதியிலேருந்து 28ஆம் தேதி வரைக்கும் வேலைக்குப் போகக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க. சர்டிபிகேட் இதோட இருக்கு. என் செக்ஷன் ஸ்டாக் நோட்டைப் பக்கத்து கவுன்டர் அக்காகிட்ட குடுத்துட்டேன். 25ஆம் தேதி டாக்டரைப் பார்த்துட்டு உங்களுக்குச் சொல்றேன் சார்.’

இதில் எத்தனை விஷயம் இருக்கிறது, எத்தனை இல்லை என்று கவனியுங்கள். தேதி இருக்கிறது, சான்று இருக்கிறது, வேலையை யார் பார்ப்பார் என்பது இருக்கிறது, அடுத்த தகவல் எப்போது என்பது இருக்கிறது. மன்னிப்பு இல்லை, நோயின் வர்ணனை இல்லை. ‘என்னம்மா பிராப்ளம்?’ என்று கேட்டால், ‘தினமும் மருந்து எடுக்கற விஷயம் சார், முதல் ரெண்டு வாரம் தலைசுத்தல் இருக்கும்னாங்க’ என்பது பொய்யில்லாத பதில்.

அந்த மூன்று வாரம்

மூன்று வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. செர்ட்ரலின், எஸ்சிடலோப்ராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டலும் படபடப்பும் தரும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டு நாள் லீவில் ஆரம்பித்து மூன்றாம் நாள் கவுன்டரில் நின்றால் குமட்டல் மட்டும்தான் கிடைத்திருக்கும். ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

பழைய மருந்தோடு புதிய மருந்து மோதும் இடங்களை மனநல மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டும். வலி மாத்திரைகளான டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இந்த மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். கருப்பாக மலம் போனால் அன்றைக்கே மருத்துவமனை. ட்ரமடால் என்ற வீரிய வலி மாத்திரை சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல் என்று செரடோனின் என்ற மூளை ரசாயனம் அதிகமாகும் நிலை வரலாம். இருமுனை நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர்கள் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது, லித்தியம் உடம்பில் தேங்கிவிடும். ஒலான்சபின் என்ற மனநல மருந்து சர்க்கரையையும் எடையையும் ஏற்றும். மாறாக, டுலாக்செடின் நரம்பு வலியையும் மனச்சோர்வையும் சேர்த்தே பார்க்கும். சர்க்கரைக்காரருக்கு மருத்துவர் அதைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான ஒன்று: சாப்பிடப் பிடிக்காமல் படுத்துக்கிடந்துகொண்டு, பழக்கத்தில் கிளிமிப்ரைடு என்ற சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் போட்டுக்கொள்வது. சர்க்கரை விழுந்துவிடும். கைநடுக்கம், வியர்வை வந்து மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாப்பாடு குறைந்த நாட்களில் அளவை எப்படிக் குறைப்பது என்பதை லீவு தொடங்கும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

அடுத்து, லீவைத் தின்பவர்கள். முதல் ஆள் உடம்பு. ‘சும்மாதானே இருக்கோம்’ என்று பல் டாக்டர், கண் டாக்டர், ஸ்கேன் என்று எல்லாவற்றையும் இந்த மூன்று வாரத்தில் நிரப்பத் தோன்றும். எல்லாவற்றையும் முதல் வாரத்தின் இரண்டு நாளுக்குள் அடக்கிவிட்டு, மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் இருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பதிந்துகொண்டால் வருடத்துக்குச் சில லீவு நாட்கள் மிச்சம்.

இரண்டாம் ஆள் அடுப்படி. பெண்களுக்கு இது தவறாமல் நடக்கும். ‘வீட்லதான இருக்க’ என்ற இரண்டு சொல்லில் லீவு முடிந்துபோகும். மாவரைப்பது முதல் மாமியாரின் பி.பி. பரிசோதனை வரை எல்லாம் வந்து சேரும். வேலையிலிருக்கும்போது யார் எதைச் செய்தார்களோ, லீவிலும் அதை அவரே செய்வது என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். மருத்துவரை வைத்து வீட்டுக்காரரிடம் சொல்லவைப்பது இன்னும் பலிக்கும்.

மூன்றாவது கட்டில். நாள் முழுக்கப் படுத்திருந்தால் மனச்சோர்வும் கூடும், மூட்டும் இறுகும். எழும் நேரம் தினமும் ஒன்றே. காலை விறைப்பு உள்ளவர்கள் எந்த வேலையையும் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு இரண்டு முறை பத்துப் பத்து நிமிட நடை. வலி மிகுந்த நாளில் ஐந்து நிமிடம், பூஜ்ஜியம் ஆக்காதீர்கள். உடம்பு லேசாக இருக்கும் நாளில் பரண் சுத்தம் செய்யக் கிளம்பாதீர்கள், பத்தைப் பன்னிரண்டாக்குவது போதும். நல்ல நாளில் மொத்தத்தையும் செய்து மூன்று நாள் விழுந்துகிடப்பதுதான் நாள்பட்ட நோயாளிகளை லீவில் தோற்கடிக்கும் சுழற்சி.

திரும்புவது

திங்கட்கிழமை திரும்பாதீர்கள். ஞாயிறு வாரவிடுமுறை என்றால் வியாழக்கிழமை போய்ச் சேருங்கள். மூன்று நாளில் ஓர் ஓய்வு வந்துவிடும். இ.எஸ்.ஐ.யில் அரைநாள் தகுதி என்று ஒன்று கிடையாது, தகுதி அல்லது தகுதியின்மை இரண்டுதான். படிப்படியாகத் திரும்ப வேண்டும் என்றால் அதை உங்கள் சொந்த லீவில்தான் செய்ய முடியும். முன்பு சேமித்துவைக்கச் சொன்ன ஐந்தாறு நாள் இதற்குத்தான்: முதல் மூன்று வாரங்களில் புதன்கிழமை ஒரு நாள், அல்லது அரைநாள் வீதம்.

ஃபிட்னஸ் சான்றை அதே மருத்துவரிடம் வாங்கும்போது ஒரு வரியைச் சேர்த்து எழுதக் கேளுங்கள்: இரவு ஷிப்ட் மூன்று மாதத்துக்கு வேண்டாம், தொடர்ந்து நிற்கும் வேலை வேண்டாம். நிற்கும் விஷயத்தில் சட்டமே துணைக்கு இருக்கிறது. 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் வேலை நேரம் முழுக்க நின்றே இருக்காமல் உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று தமிழ்நாடு ஆக்கியது. நாற்காலி கேட்பது சலுகை கேட்பதல்ல.

மனசு தெளிந்த பிறகும் மாத்திரையை ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். முதல் மாதம் தாண்டியதும் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு, அடுத்த லீவுக்கு அது வழி. இ.எஸ்.ஐ. பணம் வங்கிக் கணக்கில் விழுந்ததா என்று பாருங்கள். விழாவிட்டால் கிளை அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது, நீங்கள் வராத நாட்களை நிறுவனம் உறுதிப்படுத்தி அனுப்பியதா என்பதை. பாதிப் பேருக்குப் பணம் அங்கேதான் நின்றிருக்கும்.